ரப்பர் பால் காய்வதற்குள்

சிரிப்பு வரும். அதற்கு நான் பொறுப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காரும்படி வரும், ஆனால் இப்போது வராது, முதலில் இது காய வேண்டும், காய்வதற்குள் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தால் என் தங்கச்சி ஆன்சிக்குச் சிறகு கிடையாது, ஆகவே பிரிஸ்கா, பல்லைக் கடி, உதட்டை உள்ளே இழு, துக்க வீட்டில் காப்பி குடிக்கிறவள் மாதிரி முகத்தை வை, ஸ்பாஞ்சை முக்கு, ஒற்று, முக்கு, ஒற்று. எங்கள் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட மண்பானையின் மேல் கிறிஸ்துமஸ் தாத்தாவின் ரப்பர் முகம் மாட்டியிருக்கிறது, தாடிக்குப் பாலித்தீன் கட்டி, கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, ஓட்டைக்குள் பானையின் சிவப்பு. எனக்குப் பின்னால் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் சத்தியநேசன் மாமா. மாமா என்றால் அம்மாவுக்குத் தம்பி இல்லை, ஒரு உறவும் இல்லை, ஊரில் எல்லோருக்கும் மாமா, சபைக் கமிட்டிச் செயலாளர், சந்தை முக்கில் பெயிண்ட் கடை. கால்மேல் கால், மேல் காலில் செருப்பு பெருவிரலில் தொங்கி ஆடுகிறது, மூக்கில் கைக்குட்டை, ஏனென்றால் ரப்பர் பாலில் ஊற்றுகிற அமோனியா அவருக்கு ஆகாது, ரப்பர் வெட்டுகிற ஜனங்களும் அவ்வளவாக ஆகாது. மேற்பார்வை பார்க்கிறாராம். நல்லா சிவப்பா வருது கேட்டியா, வெள்ளைக்காரன் தோத்தான் என்கிறார் கைக்குட்டைக்குள்ளிருந்து. வருது மாமா. வராமல் எங்கே போகும். அவர் பார்த்து மகிழ்கிற அந்த ரோஸ் வெள்ளை பெயிண்டே இல்லை, ஒரு சொட்டுச் சிவப்பு விட்ட வெறும் ரப்பர் பால். ஈரத்தில் பசும்பால் மாதிரி எதையும் மறைக்கும், காய்ந்தால் கண்ணாடிப் பேப்பர் மாதிரி ஆகிவிடும், அடியில் இருப்பது மேலே வரும். அடியில் இருக்கிற நிறத்தைக் காலையிலேயே அடித்துக் காயவைத்துவிட்டேன். அது எனக்கும் பானைக்கும் தெரியும். பெயிண்ட் விற்கிற மனுஷனுக்குத் தெரியாது, ஏனென்றால் சுவர் ஏமாற்றாது, சுவரில் அடித்தது அடித்தபடி நிற்கும், அவருடைய அறிவும் அப்படியே, அடித்தபடி நிற்கும்.

முதலில் எந்தப் பெயிண்ட் என்பதற்கே ஒரு கமிட்டிக் கூட்டம் நடந்தது, என் தலைக்குள். போன வருஷம் மாமா தன் கடை எனாமலைத் தன் கையாலேயே பூசினார், பளபளவென்று, மின்சார வாரியத்துக் கம்பம் மாதிரி. வீடு வீடாகப் போகிற கேரல் பவனியில் ரசலையன் அண்ணன்தான் வருஷாவருஷம் தாத்தா, ஆட்டோ ஓட்டுகிறவர், முகத்தை மாட்டிக்கொண்டு முதல் வீட்டில் ஒரு குதி குதித்தார், கன்னத்தில் கீறல் விழுந்தது, அடுத்த வீட்டில் நெற்றி விட்டது, அதற்கடுத்த வீட்டில் பாயசத்தில் மூக்கு மிதந்தது. ரப்பர் இழுபடும், எனாமல் இழுபடாது, இதைச் சொல்ல வேதாகமக் கல்லூரிக்கா போக வேண்டும். எனாமலுக்கு மாமாவின் குரல்: தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் மேஜையில் வைத்து, ‘அருமையான, பளபளப்பான, நீடித்து உழைக்கும்’, தொட்டால் உதிரும். போஸ்டர் கலருக்கு ரசலையன் அண்ணனின் குரல், நல்ல மனசு, ஆனால் வேர்த்தால் கரைந்து சட்டையில் ஒழுகும். துணிப் பெயிண்ட் வளையும், உடையாது, அது எங்கள் ஓய்வுநாள் பள்ளி கிரேஸ்லெட் டீச்சர், குட்டிக் குட்டி டியூப், ஒரு காதுக்குக் காணாது. நெயில் பாலிஷ் என்றாள் ஆன்சி. நெயில் பாலிஷ் ரப்பரைத் தின்றுவிடும்டி, தாத்தாவுக்குக் குஷ்டம் வந்த மாதிரி ஆகும் என்றேன், பயந்து கையை இடுப்புக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள், விரலில் இருந்தது பாலிஷ். ரப்பருக்கு ரப்பர்தான் ஒட்டும். மரத்திலிருந்து வடிகிற பால், உறைந்து போகாமலிருக்க அமோனியா, அதில் சுவர்ப் பெயிண்ட்டுக்கு நிறம் ஏற்றுகிற ஸ்டெயினரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும், தேங்காய்ச் சிரட்டையில், ஈர்க்கிலால். பழைய எனாமலைச் சுரண்டி, சோப்புப் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பொடி இல்லாமல், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல். பிரஷ் உதவாது, பால் மயிரில் உறைந்து கட்டியாகி பிரஷ் பல்லி வால் மாதிரி ஆகிவிடும், எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் சோப்புத் தண்ணீரில் முக்கு. கிழித்த ஸ்பாஞ்சுதான் சரி, வெட்டிய ஸ்பாஞ்ச் கோடு விழும், தோலுக்கு ஏது கோடு, தோல் திட்டுத் திட்டாக இருக்கும், அருகில் போய்ப் பார்த்தால் எவன் முகமும் ஒரே நிறம் கிடையாது. சுருக்கத்துக்குள் நீர்த்த கறுப்பை ஓடவிட்டு மேட்டை மட்டும் துடைத்துவிட்டால் வயசு தானாக வரும். பழைய டூத் பிரஷ்ஷை விரலால் சுண்டினால் மூக்கில் புள்ளி புள்ளியாகத் துவாரம். இதெல்லாம் காலையில் செய்தேன், பாடிக்கொண்டே செய்தேன், மாமாவின் குரலில் பாடினேன், அவர் பாடினால் கர்த்தரே பாடலை நிறுத்தச் சொல்வார்.

எனக்குத் தேவை ஒன்றே ஒன்று. தாத்தாவை ஏற்ற வருகிற கேரல் லாரியோடு கிரேஸ்லெட் டீச்சர் வர வேண்டும், இந்தப் பால் காய்வதற்கு முன்னால் வர வேண்டும், வந்து இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு வாக்கியம் விழ வேண்டும். நாளை ஆலயத்தில் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் நாடகம். ஆன்சியைத் தேவதூதன் என்று டீச்சர் எழுதிவிட்டார், சத்தமாக வசனம் சொல்வாள், மறக்கமாட்டாள், மேய்ப்பர்களைப் பார்த்துப் பயப்படாதிருங்கள் என்று சொல்லும்போது நிஜமாகவே பயப்படாமல் இருக்கத் தோன்றும். ஒத்திகை பார்க்க வந்த மாமா நாற்காலியில் இருந்தபடியே சொன்னாராம், தேவதூதன் வெளிச்சத்துல வாறவன் டீச்சர், வெளிச்சம் அடிச்சாத் தெரியணும்லா பிள்ளை. சொல்லிவிட்டுச் சிரித்தாராம். சிறகைக் கழற்றி ஜவுளிக்கடைக்காரர் மகளுக்கு மாட்டியாகிவிட்டது. ஆன்சி அழவில்லை. அழுதிருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டேன். நான் போய்க் கேட்டேன், கடை வாசலில், பவ்யமாக, என் குரலிலேயே. மாமாவுக்கு அன்று மனசு இளகியிருந்தது, தாத்தா முகத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். முகத்தை நல்லா சிவப்பா ஆக்கித் தா மக்ளே, சின்னதுக்குச் சிறகைக் குடுக்கச் சொல்லுகேன் என்று சொல்லி ஒரு டப்பா வெள்ளை எமல்ஷனும் ரோஸ் ஸ்டெயினரும் எடுத்துக் கையில் வைத்தார். நியாயமான வியாபாரம். அடித்துக் கொடுத்திருப்பேன், சத்தியமாக. டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். ஆன்சி வந்து பக்கத்தில் குந்தினாள், வெள்ளைக்குள் விரலை விட்டாள், கன்னத்தில் ஒரு கோடு இழுத்தாள், அது அவள் கன்னத்தில் சுவரில் காக்கா எச்சம் மாதிரி இருந்தது. எக்கா, மிச்சம் வந்தா எனக்கும் அடிச்சுத் தருவியா என்றாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. விலை விசாரிக்கிற குரலில் கேட்டாள். நான் மூடியைப் போட்டுக் காலால் அமுக்கினேன். கன்னத்தைத் துடைத்துவிட்டேன், தோல் எரிகிற அளவுக்குத் துடைத்தேன் போலிருக்கிறது, கையைத் தட்டிவிட்டாள். அப்புறம் கறுப்பு ஸ்டெயினரைத் திறந்தேன். டப்பாவின் விளிம்பில் கொஞ்சம் வெள்ளையை வழியவிட்டு வைத்திருக்கிறேன், உபயோகித்த மாதிரி, பாருங்கள் மாமா உங்கள் எமல்ஷன், ஆமாம் ஆமாம், நம்ம கடை சரக்கு தனிதான்.

அந்த ஒரு வாக்கியத்தை நானே சொல்லிவிடலாமே என்று தோன்றும். சொல்லலாம். இந்தத் தொண்டைக்குள் மாமா இருக்கிறார், ரசலையன் அண்ணன் இருக்கிறார், பஸ் கண்டக்டர், மீன்காரி, கரகரத்த மைக், எல்லோரும் குடும்பத்தோடு இருக்கிறார்கள். ஏனென்றால் சின்னதில் என்னையும் இதே மனுஷன் தேவதூதனிலிருந்து இறக்கி, நீ திரைக்குப் பின்னால நின்னு ஆட்டுச் சத்தம் போடு பிள்ளே, அதுக்கு முகம் வேண்டாம் என்றார். போட்டேன். அடுத்த வருஷம் ஆடும் கழுதையும். அதற்கடுத்த வருஷம் ஏரோதுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, பையன் மேடையில் வாயை அசைத்தான், ஏரோது நான்தான். ஆனால் போன ஈஸ்டர் சமயத்தில் கொஞ்சம் அதிகமாக விளையாடிவிட்டேன். மாமாவின் குரலில் டீச்சருக்குப் போன் போட்டு நாளைக்கு ஓய்வுநாள் பள்ளி கிடையாது என்றேன், பிள்ளைகள் எல்லாம் ஆலயத்தில் வந்து நிற்க, டீச்சர் தன் வீட்டில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து டீச்சர் மாமாவைப் போனில் நம்புவதில்லை, நிஜ மாமாவையும் நம்புவதில்லை. சிறகு விஷயத்தைச் சத்தியநேசன் அண்ணன் என் முகத்தைப் பாத்துச் சொன்னாத்தான் ஆச்சு என்று சொல்லிவிட்டார். எல்லாக் குரலும் கையில் இருக்கிறது, ஒன்றும் உதவாது, அவர் குரல் அவர் தொண்டையிலிருந்தே வந்தாக வேண்டும், அதற்காக அவர் முன்னால் குந்தி ஸ்பாஞ்ச் பிடிக்கிறேன், இதைவிட அசிங்கம் உண்டா. உண்டு, நிறம் பார்க்கப் போன கதை இருக்கிறது. ரப்பர் ஷீட்டுத் துண்டுகளில் வேறு வேறு பழுப்பை அடித்துக் காயவைத்து அவர் கடைக்கே எடுத்துப் போனேன். அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார், கை கல்லாமேஜையில் விரிந்து கிடந்தது, நான் துண்டுகளை ஒவ்வொன்றாக அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். என்னத்துக்குப் பிள்ளே இது. ஒரு கதவுக்கு மாமா, எது நல்லாருக்கும். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார், பார்த்து, சரியாக, மயிரிழை பிசகாமல், தன் கை நிறத்தில் இருந்த துண்டை எடுத்தார். இது கொள்ளாம், நல்ல ஈட்டி மரம் கணக்கா இருக்கு, பத்தடிக்கு அப்பால நின்னாலும் அந்தஸ்து தெரியும் என்றார். அப்போதுதான் சிரிப்பு முதன்முதலாக என்னைக் கொல்லப் பார்த்தது. பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் போய் இருமினேன். தண்ணி குடி மக்ளே என்றார்.

வெயில் வந்துவிட்டது. காலையிலிருந்து மூடிக்கிடந்த வானம், டிசம்பர் ஈரம், பால் காயவே காயாது என்று நம்பி உட்கார்ந்திருந்தேன், இப்போது கொட்டகையின் தகர ஓட்டை வழியாக ஒரு வெயில் விழுந்து தாத்தாவின் இடது காதைப் பிடித்துக்கொண்டது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிடிப்பது போல. காது மெல்லிசு. முதலில் காய்வது காதுதான். விளிம்பில் ரோஸ் போகிறது, டீ மாதிரி ஆகிறது, பால் குறைகிற டீ, இன்னும் குறைகிற டீ. ஸ்பாஞ்சை முக்கி அங்கே ஒற்றினேன், வெள்ளை வந்தது, மறுபக்கம் மூக்கு நுனி போகிறது. மாமா, வெயில் உங்க கண்ணுல அடிக்குல்லா, நாற்காலியை அந்தாண்ட போடட்டா. வேண்டாம் வேண்டாம், இங்கேயே நல்லாருக்கு. நான் பானையைத் திருப்பினேன், பின்மண்டை அவருக்குத் தெரியும்படி. முகத்தைக் காட்டு பிள்ளே, முகத்தைப் பாக்கத்தானே உக்காந்திருக்கேன். திருப்பினேன், என் தோளால் காதை மறைத்தேன். ஃபேன் போடு, சீக்கிரம் காயும் என்கிறார். ஃபேன் போட்டால் தூசி ஒட்டும் மாமா, ஈரப் பாலில் தூசி ஒட்டினால் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும். அதுஞ்சரி என்கிறார், தனக்கு முன்பே தெரியும் என்கிற மாதிரி தலையை ஆட்டுகிறார், எந்த விஷயத்தையும் கேட்ட மறுகணம் முன்பே தெரிந்தவராக ஆகிவிடுகிற வரம் அவருக்கு உண்டு. முக்கு, ஒற்று. ரொம்பவும் ஒற்றக்கூடாது, கனம் கூடினால் வழியும், மோவாயில் சொட்டு நிற்கிறது, சொட்டு வெள்ளையாக உறைந்துவிட்டால் வேலை தெரிந்துபோகும், விரலால் வழித்தேன், விரலில் ரப்பர் தோல் உரிந்து வந்தது. சிரட்டையில் பால் அடியில் கிடக்கிறது. புதுப் பால் ஊற்ற உள்ளே போனால் முகம் தனியாக இருக்கும் இவரோடு. டீச்சர் ஏன் வரவில்லை. டீச்சர் வராமல் லாரி மட்டும் வந்தால். டீச்சர் நேராக ஆலயத்துக்குப் போய்விட்டால். அப்போது இது இவர் கண் முன்னால் காயும், இவர் எழுந்திருப்பார், செருப்பைச் சரியாகப் போட்டுக்கொள்வார், ஒன்றும் சொல்லமாட்டார், பெரிய மனுஷன் சத்தம் போடமாட்டார், ஆன்சி நாளைக்கு எங்கே நிற்பாள் என்று எனக்குத் தெரியும், அங்கே இருட்டாக இருக்கும், பழைய திரைச்சீலை மணம், காலில் எறும்பு, வெளிச்சம் எல்லாம் துணிக்கு அந்தப் பக்கம். ஒரு வழி இருக்கிறது. வெள்ளை எமல்ஷன் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பாலில் அதைக் கலந்து ஒரு பூச்சு, இப்போதே, காய்ந்தாலும் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும், மாமா ஜெயித்துவிடுவார், ஆன்சி ஜெயித்துவிடுவாள், நாளைக்கு வசனம் சொல்வாள், வீட்டுக்கு வந்து மிச்சம் எங்கே என்று கேட்பாள். கேட்பாள். கை டப்பாவின் மூடி வரை போய்விட்டது. மூடி அன்று காலால் அமுக்கியது, இறுகிக் கிடக்கிறது. அந்தக் காலத்துல நானே நல்ல சிவப்பு கேட்டியா, என்கிறார் பின்னாலிருந்து, வெயிலைப் பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமல். கடையைத் திறந்த பிறகு வெயில்ல நின்னு கொஞ்சம் மங்கிட்டேன், எங்கம்ம சொல்லுவா, நீ பொறந்தப்ப ஆஸ்பத்திரி நர்ஸு டார்ச் அடிக்காமலே பாத்தாளாம்னு. இப்பவும் சட்டை மூடின இடத்துல பாத்தா தெரியும். இதைச் சொல்லிவிட்டுச் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டுகிறார். பார்க்கிறேன். உள்ளேயும் அதே ஈட்டி மரம். ஆமா மாமா, தெரியுது என்கிறேன். மூடியிலிருந்து கையை எடுக்கிறேன். இப்படிப்பட்ட ஆளைச் சும்மா விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஹாரன். டிரம் சத்தம். மினி லாரி வாசலில் திரும்பி நிற்கிறது, பின்னால் பையன்கள், பலூன், நட்சத்திரம் கட்டிய மூங்கில். ரசலையன் அண்ணன் சிவப்புக் கோட்டுக்குள் தலையணையை அமுக்கிக்கொண்டு குதிக்கிறார், முகம் ரெடியா பிள்ளே என்கிறார். அவருக்குப் பின்னால் கிரேஸ்லெட் டீச்சர், கையில் பாலித்தீன் சுற்றிய சிறகுகள், ஸ்தோத்திரம். ஆன்சி எங்கிருந்தோ வந்து கொட்டகைத் தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், தலை சீவியிருக்கிறாள், யார் சொன்னார்கள் இவளிடம் சீவச் சொல்லி. மாமா எழுகிறார். எழுந்து, நான் தடுப்பதற்குள், பானையிலிருந்து முகத்தை உருவி எடுத்துவிடுகிறார், வலது உள்ளங்கையை உள்ளே கொடுத்து, பெருவிரல் கன்னத்தில் அழுந்த, கடைக்காரர் சரக்கைத் தூக்கிக் காட்டுகிற தோரணையில், தாத்தா முகம் டீச்சரைப் பார்த்தபடி, உட்பக்கம் மாமாவைப் பார்த்தபடி. பாருங்க டீச்சர், எப்படி. வெயில் முழுசாக அதன் மேல் விழுகிறது. நெற்றியில் ரோஸ் ஒதுங்கிக்கொண்டிருக்கிறது, புருவத்தில் போய்விட்டது, மூக்கில் அடிநிறம் வந்துவிட்டது. டீச்சர் முகத்தைப் பார்க்கிறார், முகத்தைப் பிடித்த கையைப் பார்க்கிறார், கைக்கு மேலே உள்ள முகத்தைப் பார்க்கிறார். என்னைப் பார்க்கவில்லை. டீச்சரின் வாய்க்கோடியில் ஒரு நரம்பு துடிக்கிறது. சின்னப்பிள்ளை விஷயம் என்னாச்சு அண்ணே, என்று கேட்கிறார், அவசரமே இல்லாமல், கறி விலை கேட்கிற மாதிரி. மாமா தாராளமாகச் சிரிக்கிறார், பையன்களைப் பார்த்து, டிரம்மைப் பார்த்து. “நிக்கட்டு டீச்சர். நான் சொல்லுகேன், அவளே நிக்கட்டு.” டீச்சர் பாலித்தீனைக் கிழிக்கிற சத்தம். சேஃப்டி பின்னை வாயில் கவ்விக்கொண்டு ஆன்சியைத் திருப்புகிறார், ஒரு பக்கம், மறுபக்கம், தோளைத் தட்டி, போ, லாரியில ஏறி முன்னால நில்லு, எல்லா வீட்டுலயும் நீதான் வசனம் சொல்லணும். ஆன்சி ஓடுகிறாள், சிறகு அவளைவிட அகலம், தெர்மகோல் லாரிக் கதவில் இடித்து ஒரு துண்டு உடைகிறது, அவள் கவனிக்கவில்லை. ரசலையன் அண்ணன் முகத்தை வாங்கக் கை நீட்டியவர் நீட்டியபடியே நிற்கிறார், கோட்டுக்குள் தலையணை குலுங்க ஆரம்பிக்கிறது. லாரியின் மேல் ஒருவன் டிரம் குச்சியை வாய்க்குள் வைத்துக் கடிக்கிறான். என்னலே, என்று கேட்கிறார் மாமா, ஒவ்வொருவராகப் பார்க்கிறார், கடைசியில் அவர்கள் பார்க்கிற இடத்தைப் பார்க்கிறார். முகத்தைத் தன் பக்கம் திருப்புகிறார். முதலில் கோபம் வருகிறது, வந்துவிட்டது, புருவம் ஏறிவிட்டது, பிரிஸ் என்று என் பெயரின் முதல் பாதி வெளியே வந்துவிட்டது. அங்கே நின்றுபோகிறது. பெருவிரலைப் பார்க்கிறார். கன்னத்தின் மேல் பெருவிரல் எங்கே முடிகிறது என்று தேடுகிறார். நகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிகிறது. விரலைத் தூக்குகிறார், அது அழுந்தியிருந்த இடத்தில் மட்டும் பால் காயாமல் விரல் வடிவத்தில் ஒரு வெள்ளை, அவர் பார்க்கப் பார்க்க அதுவும் போகிறது, விரலைத் திரும்ப வைக்கிறார், எடுக்கிறார், வைக்கிறார். சட்டைக் கையை மெதுவாக மேலே ஏற்றி உள்பக்கத்தைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடிக்கிறார். டிரம் நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை, இதுதான் சமயம், ஆனால் இவர் என்னைத் திட்டட்டும் என்று காத்திருக்கிறேன், அந்தச் செருமல், அந்த மேஜைக் குரல், அதற்கு என்னிடம் பதில் தயாராக இருக்கிறது, அவர் குரலிலேயே. அவர் செருமவில்லை. முகத்தை இறக்கி, லாரியில் நிற்பவர்களுக்குக் கேட்காத மாதிரி, என் பக்கம் குனிந்து கேட்கிறார்:

“நான் இவ்வளவு கறுப்பாவா மக்ளே இருக்கேன்?”